பள்ளத்தூர் அம்பாசடரும் ‘ஏர் எடுக்கிற’ இன்ஜினும்

கேள்வி: எங்கள் வீடு பள்ளத்தூரில். 1986 மாடல் அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி, எஸ்.யூ. கார்புரேட்டர். என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கியது. நான் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன். பொங்கல், படைப்பு, கல்யாணம் என்று ஊருக்கு வரும்போதுதான் வண்டியை எடுப்பேன். மற்ற நாளெல்லாம் பின்பக்கத் தெருவைப் பார்த்த கொட்டகையில் நிற்கும். இந்தத் தடவை ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லை. ஒரு நேரம் உறுமுகிறது, ஒரு நேரம் தள்ளாடி ஆஃப் ஆகிவிடுகிறது. காரைக்குடி பெரியார் சிலை பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டு பட்ட பாடு போதும். ரோட்டில் வேகம் எடுத்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. ஒரு மெக்கானிக் கார்புரேட்டரில் ஏதோ திருகிக் கொடுத்தார். இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் பழைய கதை, பெட்ரோல் செலவு வேறு கூடிவிட்டது. இன்னொருவர் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். பிளக்கைக் கழற்றிக் காட்டினார்: ரேடியேட்டர் பக்கம் உள்ள இரண்டும் வெளுத்திருந்தன, பின்னால் உள்ள இரண்டும் கரி. சில வருஷம் முன்னால் பிரேக் பூஸ்டர் ஒன்று கூடுதலாக மாட்டியிருக்கிறோம். எங்கோ ‘ஏர் எடுக்குது’ என்று டிரைவர் தம்பி சொல்கிறார். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? ஊதுபத்திப் புகையைக் காட்டினால் தெரியும் என்கிறார்களே, செய்யலாமா? இப்போது வரும் புதுப் பெட்ரோல் காரணமாக இருக்குமா?

பதில்:

ஆச்சிக்கு வணக்கம். கார்புரேட்டர் வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். டிரைவர் தம்பி சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குச் சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முன்னால் இரண்டு பிளக் வெளுப்பு, பின்னால் இரண்டு கரி என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும்.

உங்கள் வண்டியின் 1489 சி.சி. இன்ஜின், பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் வகை. நான்கு சிலிண்டர் என்றாலும் ஹெட்டில் இன்டேக் வாசல், அதாவது காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழி, இரண்டுதான். முன்னால் உள்ள ஒன்றாம், இரண்டாம் சிலிண்டருக்குச் சேர்த்து ஒரு வாசல்; பின்னால் மூன்றுக்கும் நான்குக்கும் இன்னொரு வாசல். கார்புரேட்டர் ஒன்றே ஒன்று. அதில் கோளாறு என்றால் நான்கு பிளக்கும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். முன் ஜோடி மட்டும் வெளுத்திருக்கிறது என்றால், அந்த ஜோடிக்கு மட்டும் பெட்ரோல் இல்லாத வெறும் காற்று எங்கிருந்தோ கூடுதலாக வருகிறது. கார்புரேட்டரைத் தாண்டி, முன் வாசலுக்குப் பக்கத்தில் எங்கோ ஓட்டை. கார்புரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கும் குழாய்தான் மேனிஃபோல்டு; அது ஹெட்டில் உட்காரும் இடத்தில் இருக்கும் பேக்கிங் மேல் எனக்கு முதல் சந்தேகம். பூஸ்டருக்குப் போகும் ஓஸ் மேனிஃபோல்டின் முன்பக்கத்தில் செருகியிருந்தால் அதன் மேல் இரண்டாவது சந்தேகம்.

புதுப் பெட்ரோல் கேள்விக்கும் இதே பதில்தான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்புரேட்டர் வண்டிகளைக் கொஞ்சம் ‘லீன்’ ஆக்கும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறையும். அது உண்மை. ஆனால் பெட்ரோல் எந்தச் சிலிண்டர் என்று பார்த்து வேலை காட்டாது. நான்கையும் ஒன்றுபோல வெளுக்க வைக்கும். பழைய ரப்பர்களுக்கு எத்தனால் ஆகாது என்பது வேறு விஷயம். டாங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஓஸ்களைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ வெடித்தோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அது ஐட்லிங் (நீங்கள் சொல்லும் ஸ்லோ ஸ்பீடு) பிரச்சினை இல்லை, தீப்பிடிக்கிற பிரச்சினை.

ரோட்டில் நன்றாக ஓடுகிற வண்டி நின்றால் மட்டும் ஏன் தள்ளாடுகிறது என்று சொல்கிறேன். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டருக்குள் இருக்கும் திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் கீழே இழுக்கும், காற்று வர வழி இருக்காது, மேனிஃபோல்டுக்குள் பலமான வேக்கம், அதாவது உறிஞ்சும் வெற்றிடம், உண்டாகும். அந்த நேரத்தில் இன்ஜின் குடிக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான். ஊசித் துளை அளவு ஓட்டை இருந்தாலும் அந்தக் கொஞ்சத்தில் அது பெரிய பங்கு. இளநீர் ஸ்ட்ராவில் நடுவில் கீறல் விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதானே வரும், அந்தக் கதை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திராட்டில் திறந்து வேக்கம் குறைந்துவிடும். உள்ளே போகும் காற்றும் பல மடங்கு கூடிவிடும். அதில் இந்த ஓட்டைக் காற்று கணக்கிலேயே வராது.

எஸ்.யூ. கார்புரேட்டரில் இன்னொரு விசேஷம். உள்ளே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் மிதக்கும். தன் வழியாக எவ்வளவு காற்று போகிறதோ அந்த அளவுக்கு உயர்ந்து, தன்னோடு இருக்கும் ஊசியையும் உயர்த்தி, ஜெட்டில் இருந்து பெட்ரோலை விடும். ஓட்டை வழியாகப் புகுந்த காற்று அந்தப் பிஸ்டனுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அதற்குப் பெட்ரோலும் வராது. முதல் மெக்கானிக் செய்தது, ஜெட் நட்டை இறக்கிப் பெட்ரோலைக் கூட்டியது. முன் ஜோடிக்குக் குறைந்ததை ஈடுகட்டப் போய், ஓட்டையே இல்லாத பின் ஜோடிக்கும் சேர்த்துக் கூட்டிவிட்டார். கரியும் பெட்ரோல் செலவும் அங்கிருந்து வந்தவை. அவரைக் குறை சொல்லவில்லை, அவசரத்தில் வண்டி நிற்காமல் ஓட அது ஒரு வழி. ஆனால் ஓட்டையை அடைக்காமல் டியூனிங்கைத் தொடக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

சரி, வேலைக்கு வருவோம். பார்ப்பதற்கு முன்னால் நான்கு விஷயம் கறாராகச் சொல்லிவிடுகிறேன்.

வண்டியைக் கொட்டகையில் வைத்து ஓடவிடாதீர்கள். நம் ஊர்க் கொட்டகைகள் மூன்று பக்கமும் சுவர், கதவைத் திறந்தாலும் புகை தேங்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தெருவுக்குத் தள்ளி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இரண்டு சக்கரத்துக்குச் செங்கல் வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். அடுத்தது ஃபேன். அம்பாசடரின் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது, முன்னால் வலை கிலை எதுவும் இல்லை. நாம் பார்க்கப்போகும் முன் வாசல் அந்த ஃபேனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முந்தானையை இறுக்கிச் செருகுங்கள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள். கூட நிற்பவர் வேட்டி கட்டியிருந்தால் பேன்ட் மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள், துண்டு தோளில் வேண்டாம். மூன்றாவது, பெட்ரோல் ஒழுகுவது தெரிந்தால் அன்றைக்கு ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். நான்காவது, நீங்கள் கேட்ட ஊதுபத்தி.

ஊதுபத்திப் புகை ஓட்டைப் பக்கம் இழுபடும் என்பது உண்மைதான். ஆனால் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது, அதன் ஆவி சுற்றிலும் இருக்கிறது. அங்கே கங்கோடு கையை நீட்டுவதா? சாம்பிராணியும் அப்படித்தான், பூஜை அறையிலேயே இருக்கட்டும். வீடியோக்களில் கார்புரேட்டர் கிளீனரை ஸ்ப்ரே அடித்துக் காட்டுகிறார்கள், சிலர் பெட்ரோலையே சிரிஞ்சில் ஏற்றி அடிக்கிறார்கள், கேஸ் டியூபைக் கொண்டுவருபவரும் உண்டு. உங்கள் வண்டியில் இது எதுவும் கூடாது. பி சீரிஸ் இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், கார்புரேட்டருக்கு நேர் கீழே பழுக்கச் சூடாகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. மேலே அடித்தது சொட்டினால் அதன் மேல்தான் விழும்.

இனி முதல் வேலை, வண்டி ஓடாதபோதே கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. பகலில், நல்ல வெளிச்சத்தில். மாதக்கணக்கில் ஓடாமல் நம் ஊர் வெயிலில் காய்ந்த வண்டிக்கு ரப்பர்தான் முதலில் போகும். ஒவ்வொரு ஓஸையும் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்பு வளைத்தால் வாய் திறக்கும். முனைகளில் அதிகம் பாருங்கள், கிளிப் கடித்த இடத்தில்தான் கிழியும். எலி கடித்திருக்கிறதா என்று அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். நெல் மூட்டை வைக்கிற கொட்டகையாக இருந்தால் எலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

எந்த ஓஸ் முக்கியம், எது முக்கியமில்லை என்று குழம்ப வேண்டாம். திராட்டில் தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் சேரும் குழாய் எதுவானாலும் அது முக்கியம். டாப் கவரில் இருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஓஸ் வெடித்திருந்தால் அழுக்கு உள்ளே போகும், மாற்ற வேண்டியதுதான், ஆனால் உங்கள் தள்ளாட்டத்துக்கு அது காரணம் இல்லை. டெல்கோவுக்கு, அதாவது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு, போகும் மெல்லிய குழாயும் ஏறக்குறைய அப்படித்தான். அது திராட்டில் விளிம்புக்குப் பக்கத்தில் எடுக்கப்பட்டது, ஐட்லிங்கில் அதில் வேக்கம் பெரிதாக இருக்காது. அதைச் சோதிப்பது சுலபம்: கார்புரேட்டர் பக்க முனையைக் கழற்றி, துடைத்து, வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். நாக்கில் பிடித்த பிடி விடாமல் நின்றால் டெல்கோவின் டயாஃப்ரம், அதாவது உள்ளே இருக்கும் சவ்வு, நன்றாக இருக்கிறது. உடனே விட்டுப்போனால் கிழிந்திருக்கிறது, அது மைலேஜைக் குறைக்கும்.

இப்போது ஸ்டார்ட் பண்ணுங்கள். மூன்று நான்கு நிமிடம் ஓடி, சோக்கை முழுக்க உள்ளே தள்ளிய பிறகு, ஐட்லிங் நிற்காவிட்டால் திராட்டில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வண்டி ஆஃப் ஆகாத அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஏற்றினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் திருப்பி இறக்க வேண்டும்.

ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதை ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு ஒரு சின்னப் பலகைத் துண்டால் தெரிந்துகொள்ளலாம். கார்புரேட்டர் வாயைப் பலகையால் ஒரு நொடி முழுக்க மூடுங்கள். நல்ல இன்ஜின் உடனே மூச்சடைத்து நின்றுவிடும். மூடிய பிறகும் இழுத்துக்கொண்டு ஓடினால் வேறு வழியில் காற்று போகிறது. உள்ளங்கையால் மூடாதீர்கள். லீனாக ஓடும் இன்ஜின் சில நேரம் கார்புரேட்டர் வழியாக ‘பட்’ என்று திருப்பி அடிக்கும், கை சுடும்.

எங்கே என்று கண்டுபிடிக்க என் பட்டறையில் அதிகம் பயன்படுவது ஒரு முழ நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான ரப்பர் டியூப். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். இன்ஜின் சத்தம் முழுக்கக் கேட்டாலும், ஓட்டை இருக்கும் இடத்துக்கு நேராக வரும்போது ‘உஸ்ஸ்’ என்று ஒரு சீறல் தனியாகக் கேட்கும். ஒரு விரல் அகலம் நகர்த்தினால் மறைந்துவிடும். டியூபை ஃபேனுக்குப் பின்னால், பாதுகாப்பான தூரத்தில் பிடியுங்கள். கார்புரேட்டர் வாயில் எப்போதும் சீறல் இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காதுக்குப் பழக்கிவிட்டு அப்புறம் மற்ற இடத்துக்குப் போங்கள். தெருவில் சத்தம் அடங்கிய காலை நேரம் இதற்குத் தோது.

காதில் பிடிபடாவிட்டால் தண்ணீர். துணி தேய்க்கும்போது தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் இருக்குமே, அதை மிக மெல்லிய தூறலாக வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கும் டெல்கோவும் இன்ஜினின் மறுபக்கத்தில் இருப்பதால் அவை நனையுமோ என்ற பயம் குறைவு. இன்டேக் மேனிஃபோல்டு ஹெட்டைத் தொடும் கோட்டில், முன் வாசலின் மேல்பக்கத்தில் ஒரு தூறல் அடியுங்கள். நிறுத்துங்கள். இன்ஜின் சத்தத்தைக் கேளுங்கள். ஓட்டை அங்கே இருந்தால் தண்ணீர் ஒரு கணம் அதை அடைத்துக்கொள்ளும். ஐட்லிங் சட்டென்று மாறும், சில நேரம் உறிஞ்சுகிற சத்தமும் வரும். மாறாவிட்டால் அடுத்த இடம். ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் அடித்துவிட்டால் எதனால் மாறியது என்று தெரியாமல் போய்விடும். ஊற்றவே கூடாது. சூடான வார்ப்பிரும்பு எக்ஸாஸ்டில் தண்ணீர் கொட்டினால் விரிசல் விடும், அப்புறம் செலவு வேறு திசைக்குப் போய்விடும்.

சந்தேகம் உறுதியாக வேண்டுமானால் இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, சந்தேகப்பட்ட இடுக்கில் கெட்டியான கிரீஸை விரலால் நன்றாக அப்பிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங் உடனே சீராக வந்தால் இடம் அதுதான். இதைச் சோதனைக்கு மட்டும் செய்யுங்கள், கிரீஸோடு ஓட்டிவிடலாம் என்று விட்டுவிடாதீர்கள். சூட்டில் உருகி எக்ஸாஸ்டில் வழியும்.

மேனிஃபோல்டில் ஒன்றும் அகப்படாவிட்டால் பூஸ்டர். மேனிஃபோல்டின் வேக்கத்தை வைத்துப் பிரேக்கை லேசாக்கும் சாமான் அது. கடைகளில் கூடுதலாக மாட்டும் பூஸ்டர்களில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு, வேக்கத்துக்கான தடித்த ஓஸுக்குப் பதிலாகச் சாதாரண ரப்பர் டியூபைப் போட்டுவிடுவது. சூட்டில் அது இளகி உள்பக்கமாகச் சப்பிப்போகும், இல்லாவிட்டால் முனையில் கிழியும். சோதனை இதுதான்: இன்ஜின் ஆஃப் ஆக இருக்கும்போது பிரேக் பெடலை நான்கைந்து தடவை மிதியுங்கள், கடினமாகிவிடும். மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்கம் சரியாகப் போகவில்லை, அல்லது பூஸ்டரே போய்விட்டது. அடுத்து, வண்டி ஐட்லிங்கில் இருக்கும்போது பெடலை மிதித்துப் பிடித்தபடி இருங்கள். மிதித்திருக்கும் நேரம் முழுக்க ஐட்லிங் கெட்டுப்போனால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். கடைசியாக, இன்ஜினை நிறுத்தி ஓஸை மேனிஃபோல்டு முனையில் கழற்றி, அந்த முனையைப் பொருத்தமான ஒரு போல்ட்டால் இறுக்கமாக அடைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். தள்ளாட்டம் நின்றால் குற்றவாளி பூஸ்டர் பக்கம். போல்ட்டோடு தெருமுனை வரைக்கும்கூட ஓட்டாதீர்கள் ஆச்சி, பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கும்.

அப்புறம் கார்புரேட்டரின் திராட்டில் ஸ்பிண்டில், அதாவது தகட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பி. பழைய எஸ்.யூ.க்களில் கம்பி தேய்ந்து, அதன் இரண்டு ஓரத்திலும் காற்று புகுவது சர்வசாதாரணம். இன்ஜின் ஓடாதபோது அந்தக் கம்பியின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். லேசாகச் சுற்றலாம், ஆடக் கூடாது. ஆடினால் இரண்டு முனையிலும் கிரீஸ் வைத்து அதே சோதனை. உங்கள் வண்டியின் வயதுக்கு ஆட்டம் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன், ஆனால் அது நான்கு சிலிண்டரையும் பாதிக்கும் ஓட்டை. முன் ஜோடிக் கணக்குக்கு அது விடை ஆகாது. ஆட்டம் மிக அதிகமாக இருந்தால், லேத் பட்டறை உள்ள ஒரு நல்ல கார்புரேட்டர் ஆளிடம் பித்தளை புஷ் போடச் சொல்லலாம். புதுக் கார்புரேட்டரைவிட அது மேல்.

கார்புரேட்டர் மேனிஃபோல்டில் உட்காரும் இடத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் சூடு தாங்கும் கெட்டிப் பலகை போன்ற ஒரு துண்டு, இரண்டு பக்கமும் பேக்கிங். கசிகிறது என்று யாரோ நட்டை மேலும் மேலும் முறுக்கியிருப்பார்கள். அதனால் கார்புரேட்டரின் காது வளைந்து, நடுவில் இன்னும் இடைவெளி விழும். கழற்றினால் ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள், ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது.

என் முதல் சந்தேகம் சரியாகி, மேனிஃபோல்டு பேக்கிங்தான் என்று உறுதியானால், கண்டுபிடிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. மாற்றுவதைப் பட்டறையில் கொடுங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேக்கிங். சில நட்டுகள் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கின்றன. இரண்டின் காதுகளும் ஒரே தடிப்பில் இல்லாவிட்டால், நட்டு தடித்ததை மட்டும் அழுத்தும், மெல்லியது தொளதொளவென்று இருக்கும். பேக்கிங் புதிதாகப் போட்டும் மறுபடி ஏர் எடுக்கும். முன்பு யாராவது எக்ஸாஸ்டையோ இன்டேக்கையோ வேறு வண்டியில் இருந்து எடுத்துப் போட்டிருந்தால் இது நிச்சயம் நடந்திருக்கும். அதை அளந்து பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். இரண்டு முகங்களையும் சுரண்டிச் சுத்தம் செய்து, ஸ்கேல் வைத்துப் பார்த்து, நட்டுகளை நடுவில் இருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வண்டியைக் கொடுக்கும் முந்தின நாள் ராத்திரியே அந்த நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டுவையுங்கள். இத்தனை வருஷம் வெந்த ஸ்டட் (நட்டு ஏறும் திருகுக் கம்பி) முறிந்தால், துளை போட்டு எடுப்பதற்குள் அரைநாள் போய்விடும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது எல்லா மேனிஃபோல்டு நட்டையும் ஸ்பானர் வைத்து ஒருமுறை மிதமாக இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பேக்கிங்கை மாற்றுவதற்கு முன்னாலேயே. நட்டு வெறுமனே தளர்ந்திருந்ததால் வந்த கசிவு அதிலேயே தீர்ந்துபோவதும் உண்டு. ஆனால் பேக்கிங்குக்குப் பதிலாகச் சிலிக்கான் பசையைத் தடவிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரணச் சிலிக்கான் பெட்ரோலில் ஊறிக் கரையும், பிசிறு உள்ளே போகும். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டாலும் இந்தப் பேக்கிங் மாதிரிச் சாமான்களுக்கு மதுரை, திருச்சிக் கடைகளில் விசாரிக்கலாம். வாங்கும்போது லேசாக வளைத்துப் பாருங்கள். பல வருஷம் கடையில் கிடந்து மொறுமொறுவென்று ஆகிவிட்டதை மாட்டினால் புதிது போட்டும் பலன் இல்லை.

ஓட்டை அடைந்த பிறகுதான் ஜெட். முதல் மெக்கானிக் இறக்கிவைத்ததைத் திரும்ப ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நான்கு பிளக்கும் கரியாகிவிடும். கார்புரேட்டருக்கு அடியில் ஆறு முகம் கொண்ட சின்ன நட்டு அது. மேலே முழுக்க ஏற்றிவிட்டு அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகம், இறக்கினால் அது எஸ்.யூ.வுக்கு வழக்கமான தொடக்க இடம். ஏற்றும்போதே எத்தனை முகம் ஏறியது என்று எண்ணச் சொல்லுங்கள். எவ்வளவு பெட்ரோல் வீணாகிக்கொண்டிருந்தது என்பது அதில் தெரிந்துவிடும். அங்கிருந்து ஒவ்வொரு முகமாகத்தான் சரிபார்ப்பது. சூடான இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, கார்புரேட்டர் உடலின் அடியில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சின்னக் குச்சியால் பிஸ்டனை ஒரு மி.மீ. அளவு மட்டும் தூக்குங்கள். வேகம் லேசாக எழும்பி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி ஆஃப் ஆகப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. எத்தனால் பெட்ரோலுக்காக ஒரு முகம் கூடுதலாக இறக்க வேண்டியிருந்தால் தப்பில்லை. நீங்கள் ஏற்றிவைத்த திராட்டில் ஸ்க்ரூவையும் இப்போது பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து எங்கேயும் ஓட்டை அகப்படவில்லை என்றால் டெல்கோவுக்குள் இருக்கும் பிளேட்டினம் பாயிண்டைப் பாருங்கள். கொட்டகையில் நின்ற வண்டியில் பாயிண்டில் படலம் பிடித்து, ஏர் எடுப்பதைப் போலவே ஆட்டம் காட்டும். மெல்லிய எமரியால் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்தால் போதும். அதுவும் இல்லை என்றால் வேக்கம் கேஜ் வைத்திருக்கிற பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பூஸ்டர் ஓஸில் ஒரு டீ ஜாயிண்ட் போட்டு கேஜை மாட்டிவிடலாம். நம் சமவெளியில் நல்ல இன்ஜினுக்கு ஐட்லிங்கில் முள் 17இல் இருந்து 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்க வேண்டும். தாழ்ந்து ஒரே இடத்தில் நின்றால் ஏர் எடுப்பது அல்லது டைமிங் பின்தங்கியது. ஒழுங்கான தாளத்தில் துடித்தால் வால்வைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். புகைச் சோதனையை அவர்கள் அதற்கான கருவியில், இன்ஜினை நிறுத்திவிட்டுச் செய்வார்கள்.

பட்டறைக்குப் போகும்போது அந்த நான்கு பிளக்கையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு அட்டையில் ஒன்று, இரண்டு என்று எண் எழுதிச் செருகிக் கொண்டுபோங்கள். துடைத்துவிடாதீர்கள்.